சர்பத் கிளாஸ் விழுந்த கணக்கு

சாய்ந்தமருது
02.05.2025

தம்பி ஸப்ரிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஸலாம் சொல்லாமல் எழுதினால் குற்றம் என் தலையில் விழும், அதற்காகச் சொல்லியிருக்கிறேன். வேறு அர்த்தம் எடுக்காதே.

உன் நம்பரைத் தடுத்து வைத்திருப்பது நான்தான். போன் பழுது என்று நினைத்து உன் மனைவி நப்லாவின் போனிலிருந்து எடுத்துப் பார்க்க வேண்டாம், அதையும் தடுத்துவிட்டேன். "மூணு நாளைக்கு மேல கதைக்காம இரிக்கிறது கூடாது மகள்" என்று உம்மா காலையும் மாலையும் ஓதுகிறா. சரி, கதைக்கிறேன். கடிதத்தில் கதைக்கிறேன். சீனிமுகம்மது காக்காவின் பாண் ரொட்டி விற்கிற ஓட்டோ காரைதீவு தாண்டி நிந்தவூருக்கு, உன் மாமியார் வீட்டு வாசலுக்கே வருகிறதுதானே. பதிலையும் அவரிடமே கொடு.

போன சனிக்கிழமை கல்முனை மண்டபத்தில் நடந்ததை நீ மறந்திருப்பாய். மைக் பிடிக்கிறவர்களுக்கு மறதி அதிகம். பொழுதுபோக்குக் கண்காட்சியில் நாம் ஆளுக்கொன்றாகச் செய்த ரிமோட் யுத்த டாங்கிப் பொம்மைகள் இரண்டும் பக்கத்துக்குப் பக்கம் ஓட வேண்டும். இரண்டின் முதுகிலும் குறுக்காக ஒரு பலகை, பலகை நடுவில் ஒரு கிளாஸ் சர்பத். இரண்டும் ஒரே வேகத்தில் போனால் ஒரு துளி சிந்தாது. விரலால் வேகத்தைக் கூட்டிக் குறைத்தால் கை நடுங்கும் என்று, இரண்டு ரிமோட்டையும் முழுக்கத் தள்ளிப் பிடிப்பதாகப் பேச்சு. அதற்காகத்தானே இரண்டு மாதமாக நான் கியரோடும் பல்சக்கரத்தோடும் மாரடித்தேன்.

நடந்தது என்ன? உன் டாங்கி முன்னால் பாய்ந்தது, என்னுடையது பின்தங்கியது, பலகை கோணியது. கிளாஸ் போய் விழுந்தது எங்கள் பள்ளிக்கூட அதிபரின் மடியில். இவ்வளவு பெரிய மண்டபத்தில் வேறு மடியே கிடைக்கவில்லை.

அதுவரைக்கும் பொறுத்திருப்பேன். கிளாஸ் விழுவது உலகத்தில் இல்லாத காரியமா? ஆனால் நீ மைக்கை எடுத்து, பல்லைக் காட்டிக்கொண்டு, "மன்னிக்கணும், ஓட்டினதுல பிழையில்ல, கணக்கு எங்கட ஆதிலா டீச்சர்ட, அது கொஞ்சம் சறுக்கிட்டு" என்றாயே. மண்டபமே சிரித்தது. என் பத்தாம் தரப் பிள்ளைகள் இரண்டாவது வரிசையில் இருந்து சிரித்தார்கள். பதினாறு வருடமாகக் கணக்குப் படிப்பிக்கிறேன் ஸப்ரி. என் கணக்கைப் பார்த்து இதுவரை ஒருவரும் சிரித்ததில்லை.

அந்த வார்த்தையை நீ திருப்பி எடுக்க வேண்டும். நீயும் நானும் உம்மாவும் இருக்கும் வீட்டுக்குள் அல்ல. மைக்கில் போட்டதை மைக்கில்தான் எடுக்க வேண்டும்.

ஆதிலா


நிந்தவூர்
05.05.2025

அன்புள்ள ராத்தா,

வஅலைக்குமுஸ்ஸலாம். நான் முழு மனதோடு சொல்கிறேன், கடமைக்கு அல்ல.

ஒரு பகிடிக்கு இவ்வளவு பெரிய வழக்கா? சர்பத் அதிபரின் மடியில் விழுந்திருக்கிறது, மண்டபம் பிணம் கிடக்கிற வீடு மாதிரி அடங்கிப் போயிருக்கிறது, யாராவது ஏதாவது சொல்ல வேண்டுமா இல்லையா? நான் சொன்னேன். சனம் சிரித்தது. அதிபரும் சிரித்தா. நீங்கள் மட்டும்தான் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனீர்கள். மண்டபத்துக்குக் கதிரை, ஸ்பீக்கர், மைக் எல்லாம் என் வாடகைக் கடையிலிருந்து சும்மா இறக்கினேன். அதற்கு ஒரு நன்றி உண்டா?

பகிடியை விடுங்கள், நியாயத்துக்கு வாருங்கள். என் டாங்கியின் வேகம் எவ்வளவு என்று நீங்கள் கேட்டீர்கள். நான் வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. கடையில் பெருநாள் தொழுகைக்குக் கொடுக்கிற பச்சைப் படங்கை, அந்த நீளத் தார்ப்பாயை, வளவில் விரித்து அதில் ஓட்டிப் பார்த்தேன். அதில் தொழுகை ஸப்புக்கு, நிற்கிற வரிசைக்கு, கோடு போட்டிருக்கிறது, வரிசைக்கு வரிசை நாலடி, ஊருக்கே தெரியும். பத்து வரிசை தாண்ட இருபது செக்கன். நாற்பதடிக்கு இருபது செக்கன் என்றால் செக்கனுக்கு இரண்டடி. மூன்று முறை ஓட்டினேன், மூன்று முறையும் அதே இருபது. நப்லா போனில் நேரம் பிடித்தாள், அவளைக் கேளுங்கள்.

உங்கள் டாங்கியையும் செக்கனுக்கு இரண்டடிக்குக் கொண்டுவருவது உங்கள் பொறுப்பு. வரவில்லை. பின்தங்கியது உங்களுடையது, என்னுடையதல்ல. அப்படியென்றால் பிழை எங்கே இருக்கிறது? நான் சொன்னால் கோபம் வருகிறது.

ராத்தா, நீங்கள் காகிதத்தில் கணக்குப் போடுகிறீர்கள், நான் நிலத்தில் ஓட்டிப் பார்க்கிறேன். நிலம் பொய் சொல்லாது.

உங்கள் தம்பி
ஸப்ரி

உம்மாவுக்கு மருந்து முடிந்தால் சீனிமுகம்மது காக்காவிடம் சொல்லிவிடுங்கள்.


சாய்ந்தமருது
07.05.2025

ஸப்ரிக்கு,

ஸலாம்.

உன் கடிதத்தை இத்தோடு திருப்பி அனுப்புகிறேன். பிழைகளைச் சிவப்புப் பேனையால் திருத்தியிருக்கிறேன். "பகிடி" என்று எழுதியிருக்கிற இடத்தில் இரண்டு கோடு போட்டிருக்கிறேன், கவனித்துப் பார்.

பகிடியா? நீ பகிடி விட்டதற்குப் பிறகு என்ன நடந்தது தெரியுமா? கணிதப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார்ப்படுத்துகிற வேலை நாலு வருடமாக என்னிடம் இருந்தது. திங்கட்கிழமை அதிபர் என்னைக் கூப்பிட்டு, "ஆதிலா, நீங்க இந்த முறை கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க, இஹ்ஸான் சேர் செய்யட்டும்" என்றா. ரெஸ்ட்டாம்! நான் கேட்டேனா ரெஸ்ட்? இஹ்ஸான் சேர் நல்ல மனிசன், குறை சொல்ல மாட்டேன், ஆனால் அவர் பின்னத்தைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, சரிதானா என்று ஒரு தரம் பின்னால் போய் நின்று பார்க்கிற ஆள். பிள்ளைகளும் சும்மா இல்லை. போன கிழமை கேத்திரகணிதம் போட்டு முடித்தவுடன் பின்வாங்கிலிருந்து ஒரு குரல், "டீச்சர், கிளாஸ் விழாதுதானே?"

இதுதான் உன் பகிடி.

என் டாங்கியைப் பற்றிக் கேள். கண்காட்சிக்கு முதல்நாள்தான் கடைசிக் கியர் கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்தது, அதனால் இரண்டையும் சேர்த்து ஓட்டிப் பார்க்க முடியவில்லை. ஆனால் என்னுடையதை நான் தனியாக ஓட்டிப் பார்த்தேன். விறாந்தையில் தையல் நாடா பிடித்து, உம்மாவை நாடாவின் மறு தொங்கலில் இருத்தி அளந்தேன். செக்கனுக்கு இரண்டடி, ஒரு விரல்கடை கூடக் குறையவில்லை. நீ கேட்ட இரண்டடியை நான் தந்தேன். நீ தந்த இரண்டடிதான் எனக்குச் சந்தேகம்.

நீ பொறுப்பாகச் செய்கிற காரியமெல்லாம் எனக்குத் தெரியும். நோன்புப் பெருநாளைக்குக் கடற்கரையில் பெண்கள் பக்கம் அறுபதடிப் பச்சைப் படங்கு, பதினைந்து வரிசை தாராளமாகக் கொள்ளும் என்று மைக்கில் சொன்னாய். பன்னிரண்டோடு படங்கு முடிந்தது. உம்மாவும் நானும் பதின்மூன்றாவது வரிசையில் வெறும் மணலில் நின்றோம். பெருநாள் உடுப்போடு, நெற்றியில் மணலோடு வீட்டுக்கு வந்தோம். உன் பொறுப்பு அவ்வளவுதான்.

உன் டாங்கிச் சங்கிலியில் எத்தனை இணைப்பு, ஒரு இணைப்பு எவ்வளவு நீளம் என்று எழுது. முதலிலேயே கேட்டேன், "அதெல்லாம் எதுக்கு, ஓட்டியே பாத்திட்டன்" என்றாய்.

ஆதிலா


நிந்தவூர்
12.05.2025

ராத்தா,

என் கடிதத்தைச் சிவப்புப் பேனையால் திருத்தித் திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள். அதைச் சீனிமுகம்மது காக்கா உறைக்குள் போடாமல் பாணுக்கு மேல் வைத்துக் கொண்டுவந்தார். நப்லா பார்த்தாள், மாமி பார்த்தா, பாண் வாங்க வந்த பக்கத்து வீட்டுக்காரி பார்த்தாள். "மகனுக்கு மார்க் எத்தின?" என்று மாமி கேட்டா. நான் முப்பத்தெட்டு வயது ஆம்பிளை ராத்தா. கல்யாணம் முடித்துப் பெண்வீட்டோடு வந்து இருக்கிறவனுக்கு அந்த வீட்டில் கொஞ்சமாவது மரியாதை வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றவில்லையா? மைக்கில் நான் ஒரு வார்த்தை சொன்னதற்கு இவ்வளவு கொதிக்கிறீர்கள், நீங்கள் செய்தது மட்டும் என்னவாம்?

போட்டி வேலை உங்கள் கையை விட்டு இஹ்ஸான் சேரிடம் போனது எனக்குத் தெரியாது. அதைக் கேட்டபோது மனசு ஒரு மாதிரித்தான் இருந்தது. ஆனால் அதிபர் எடுத்த முடிவுக்கு நான் என்ன செய்ய? உடுப்பு நனைந்த கோபத்தை உங்கள் மேல் காட்டியிருக்கிறா.

பெருநாள் கதையை ஏன் இழுக்கிறீர்கள்? இந்த முறை பெண்கள் கூட்டம் கூட. அதிலும் ஆளுக்கொரு முசல்லாவை விரித்துக்கொண்டு, சின்னதுகளை மடியில் வைத்துக்கொண்டு, தள்ளித் தள்ளி நின்றால் படங்கு காணுமா? அது படங்கின் பிழையும் இல்லை, என் பிழையும் இல்லை. நின்றவர்களின் பிழை.

இணைப்பு எண்ண எனக்கு நேரமில்லை. மூன்று கல்யாணத்துக்குப் பந்தல் போட இருக்கிறது.

ஸப்ரி


சாய்ந்தமருது
14.05.2025

ஸப்ரிக்கு,

நின்றவர்களின் பிழையா! உம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "அவன் வரட்டும்" என்றா. அவ்வளவுதான் சொன்னா, உனக்கு விளங்கும்.

சிவப்புப் பேனை விஷயத்தில் எனக்கும் கொஞ்சம் வெட்கம்தான். உறைக்குள் வைத்துத்தான் கொடுத்தேன், சீனிமுகம்மது காக்கா பிரித்து வாசித்திருக்கிறார். அவரிடம் கேட்டேன். "நான் வாசிக்கல்ல புள்ள, சிவப்பாக் கெடந்திச்சி, என்ன கோடெண்டு பாத்தன்" என்றார். மாமி பார்த்தது எனக்கு விருப்பமில்லை. இனி அப்படி நடக்காது.

ஆனால் மற்றதில் நான் ஒரு அடியும் பின்வாங்க மாட்டேன். உனக்கு நேரமில்லை என்றால் சுருக்கமான வழி ஒன்று சொல்கிறேன். சங்கிலியைக் கழற்றி நிலத்தில் நீட்டி, நாடா வைத்து அள. எண்ணவே தேவையில்லை. பிறகு கதிரைக்கு நம்பர் போடுகிற வெள்ளைப் பெயிண்டில் ஒரே ஒரு இணைப்பில் பொட்டு வை. சங்கிலியைத் திரும்பப் பூட்டி, அதே படங்கில் அதே பத்து வரிசை ஓட்டு. அந்த வெள்ளைப் பொட்டு எத்தனை தரம் மேலே வருகிறது என்று நப்லாவைப் படம் பிடிக்கச் சொல்லி எண்ணு.

ஏன் என்று கேட்பாய். டாங்கி தன் சங்கிலியைத் தானே விரித்து அதன் மேல்தான் போகிறது. சங்கிலி ஒரு முழுச் சுற்று வந்தால் டாங்கி ஒரு சங்கிலி நீளம் முன்னால் போயிருக்கிறது. மோட்டர் எத்தனை சுற்று, கியர் எத்தனைக்கு ஒன்று, பெற்றரி புதிதா பழசா, ஒன்றும் தெரியத் தேவையில்லை. உன் டாங்கியே தன் நாடாவைச் சுமந்துகொண்டு ஓடுகிறது. நீதான் அதை விட்டுவிட்டுப் படங்கைப் பார்க்கிறாய்.

இது காகிதக் கணக்கு இல்லை. நிலத்தில் ஓட்டு. நிலம் பொய் சொல்லாது என்றாயே, பார்ப்போம்.

ஆதிலா


நிந்தவூர்
19.05.2025

அன்புள்ள ராத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும்! இந்தக் கடிதத்தை உம்மாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

நீங்கள் சொன்னபடி எல்லாம் செய்தேன். சங்கிலி நீளம் இரண்டரை அடி. பொட்டு வைத்து, நப்லாவைப் படம் பிடிக்க விட்டு, அதே பத்து வரிசை ஓட்டினேன். அதே இருபது செக்கன். பொட்டு சரியாக இருபது தரம் வந்தது. இருபதை இரண்டரையால் பெருக்கினால் ஐம்பது. உங்கள் சங்கிலிக் கணக்கின்படி என் டாங்கி ஐம்பதடி போயிருக்க வேண்டும். ஆனால் அது போனது பத்து வரிசை, நாற்பதடி. கண்ணுக்கு முன்னால் பார்த்தேன், நப்லா பார்த்தாள், மாமியும் வந்து நின்று பார்த்தா.

மீதிப் பத்தடி எங்கே? வழுக்கியிருக்கிறது ராத்தா! சங்கிலி படங்கில் வழுக்குகிறது. சுற்றுகிறது, ஆனால் அவ்வளவும் முன்னால் போகவில்லை. இது பேயனுக்கும் விளங்கும். கணித டீச்சருக்கு விளங்காமல் போனதுதான் ஆச்சரியம். சங்கிலியை நம்பினால் இப்படித்தான் பத்தடி பள்ளத்தில் விழ வேண்டும்.

ஆகவே நான் சொன்னதுதான் சரி. இரண்டடி. இனி மைக்கில் யார் யாரிடம் மன்னிப்புக் கேட்பது என்று யோசியுங்கள்.

நான் பெருந்தன்மையாக விட்டுவிடுகிறேன். நம்பரைத் திறந்து விட்டால் போதும்.

ஸப்ரி


சாய்ந்தமருது
21.05.2025

ஸப்ரிக்கு,

கெட்டிக்காரன்தான். பந்தல் வேலைக்கு நடுவிலும் இவ்வளவு செய்திருக்கிறாய், அதற்குச் சபாஷ். இனிக் கேள்.

சொரசொரப்பான படங்கில் ஐம்பதுக்குப் பத்தடி வழுக்குகிற டாங்கி, மண்டபத்தின் மினுக்கின டைல்ஸில் இன்னும் கூட வழுக்க வேண்டுமா, குறைய வழுக்க வேண்டுமா? கூட. அப்படியென்றால் மண்டபத்தில் உன் டாங்கி இரண்டடியை விடவும் மெதுவாகப் போயிருக்க வேண்டும், என்னுடையதுக்குப் பின்னால் வந்திருக்க வேண்டும். வந்ததா? பாய்ந்து முன்னால் போனது. வழுக்கவே இல்லை. உன் டாங்கி உண்மையாகவே ஐம்பதடி போயிருக்கிறது. செக்கனுக்கு இரண்டரை அடி. என்னுடையது நீ கேட்டபடி இரண்டடி. பலகை கோணாமல் என்ன செய்யும்?

பத்தடி எங்கே என்று கேட்டாய். நேற்று முழுக்க எனக்கும் அதே கேள்விதான். சோறு ஆக்கும்போதும் அதே யோசனை. உம்மா பக்கத்திலிருந்து பெருநாள் கதையை எடுத்து, "இந்த ஹஜ்ஜுப் பெருநாளைக்கும் நம்மள மணல்ல விடப்போறானா?" என்றா. அகப்பையைக் கீழே வைத்துவிட்டேன்.

அறுபதடிப் படங்கு. நாலடிக்கு ஒரு வரிசை என்றால் பதினைந்து வரிசை. பன்னிரண்டுதான் கொண்டது. கூட்டம் கூடினால் வரிசைக்குள் நெருக்கம் வரும், வரிசை குறையாது. நாங்கள் தள்ளி நிற்கவில்லை ஸப்ரி. கோட்டில்தான் நின்றோம். அறுபதைப் பன்னிரண்டால் பிரித்தால் எத்தனை?

நாடாவை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பச்சைப் படங்கை அள. இரண்டு கோட்டுக்கு நடுவில் எவ்வளவு என்று எழுது. வேறொன்றும் எழுத வேண்டாம்.

ஆதிலா


நிந்தவூர்
29.05.2025

ராத்தா,

ஒரு கிழமையாகப் பதில் போடவில்லை என்று சீனிமுகம்மது காக்காவை ஏசியிருக்கிறீர்கள். அவர் மேல் பிழையில்லை.

ஐந்தடி.

எல்லாக் கோடும் ஐந்தடி. மற்ற இரண்டு படங்கையும் விரித்து அளந்தேன், அதிலெல்லாம் நாலடி. இந்தப் பச்சை ஒன்றுதான் இப்படி. கடையில் குந்தி இருந்து யோசித்தபோதுதான் ஞாபகம் வந்தது. கொரோனா நேரம். தொழுகையில் வரிசைக்கு வரிசை இடைவெளி கூட்டச் சொல்லிச் சுகாதாரப் பரிசோதகர் வந்து நின்றார். அப்போது வாங்கின புதுப் படங்கு இது. நானே மஞ்சள் பெயிண்ட் டின்னோடு குந்தி, ஐந்தடிக்கு ஒன்றாகக் கோடு போட்டேன். பிறகு கொரோனா போனது, படங்கு மற்றதுகளோடு சேர்ந்து மடிந்து கிடந்தது. கோடு என்றால் நாலடி என்றே தலையில் இருந்துவிட்டது. ஆண்கள் பக்கத்துக்கு நாலடிக் கோடு போட்ட படங்கு போயிருக்கிறது, அதனால் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. பெண்கள் பக்கத்துக்கு இது.

நின்றவர்களின் பிழை என்று எழுதியதை உம்மாவிடம் வாசித்துக் காட்டியதாகச் சொன்னீர்கள். அந்த இடத்தை மட்டும் கிழித்துவிட முடியுமா?

நான் ஒரு வழி சொல்கிறேன். அதிபரின் வீட்டுக்கு நானே போகிறேன். நப்லாவையும் கூட்டிக்கொண்டு, தொதல் இனிப்பு ஒரு பெட்டியோடு போய், நடந்ததை ஆறுதலாக எடுத்துச் சொல்கிறேன். போட்டி வேலை திரும்பி வந்தால் சரிதானே? மைக் எல்லாம் எதற்கு? ஊரில் நாலு பேர் வந்து போகிற கடை. "கோடே ஒழுங்காப் போடத் தெரியாதவன்" என்று பேர் வந்தால் பிறகு எவன் என்னிடம் படங்கு எடுப்பான்? உங்களுக்கு அது விளங்கும்.

ஸப்ரி


சாய்ந்தமருது
31.05.2025

தம்பி ஸப்ரிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

விளங்குகிறது. நன்றாகவே விளங்குகிறது. உன் பேர் கெட்டால் படங்கு போகாது. என் பேர் கெட்டால் போகட்டும், அதை ஒரு பெட்டித் தொதலில் சரிக்கட்டலாம். அப்படித்தானே?

பிழை யாருக்கும் வரும். கோடு பிழைத்ததற்கு நான் கோபிக்கவில்லை, அல்லாஹ் அறிய. நீ இருபது செக்கன் என்றது உண்மை, மூன்று முறை ஓட்டியதும் உண்மை. கொதிக்கிறது எதற்குத் தெரியுமா? கிளாஸ் விழுந்தது, உடனே, ஒரு மூச்சுக்கூட எடுக்காமல், பிழை ராத்தாவுடையது என்று உன் வாயில் வந்தது. பெண்கள் மணலில் நின்றார்கள், உடனே அது நின்றவர்களின் பிழை. உன் படங்கை ஒரு தரம் அளந்து பார்ப்போம் என்று உனக்குத் தோன்றவே இல்லை. எங்களைப் பிழையாக்குவது அவ்வளவு லேசாக இருந்தது.

அதிபரின் வீட்டுக்குப் போகாதே. போனால் அது நம் வீட்டு விஷயமாகிவிடும். தம்பி ராத்தாவுக்காகப் பரிந்து பேசினான் என்று ஆகிவிடும். என் கணக்கு சரி என்பதற்குப் பரிந்து பேச ஆள் தேவையில்லை.

நீ அன்றைக்குப் பேசியதை மண்டபம் நிறையச் சனம் கேட்டது. சனம் திரும்பக் கூடுகிற இடம் ஹஜ்ஜுப் பெருநாள் திடல். படங்கும் உன்னுடையது, மைக்கும் உன்னுடையது. இதற்கு மேல் நான் எழுத மாட்டேன்.

எதையும் கிழிக்கவும் மாட்டேன்.

ஆதிலா


நிந்தவூர்
05.06.2025

ராத்தா,

பெருநாள் மைக் தக்பீர் சொல்லத்தான் இருக்கிறது, நம் வீட்டுச் சண்டையைச் சொல்ல அல்ல. பள்ளி நிர்வாகம் என்னைக் கொன்றுபோடும். இதை நீங்கள் கேட்பது நியாயமே இல்லை. என்னால் முடியாது.

உம்மாவுக்குப் புது முசல்லா ஒன்று வைத்திருக்கிறேன்.

ஸப்ரி


சாய்ந்தமருது
08.06.2025

அன்புள்ள தம்பி,

அஸ்ஸலாமு அலைக்கும். ஈத் முபாரக். நேற்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், நீ ஸ்பீக்கர் கழற்றிக்கொண்டு நின்றாய், நான் உம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

உன் கடைசிக் கடிதத்தைப் படித்துவிட்டு, திடலுக்கே வர மாட்டேன் என்று உம்மாவோடு அடம்பிடித்தேன். "அல்லாட காரியத்துக்கும் அவன்ட காரியத்துக்கும் முடிச்சுப் போடாத, நட" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தா. வந்து பார்த்தால் பச்சைப் படங்கு. அதே படங்கு. மஞ்சள் கோடு அப்படியே கிடக்கிறது, அதற்கு நடுவில் புதிதாக வெள்ளைக் கோடு. பெண்கள் எதில் நிற்பது என்று தெரியாமல் ஒருவருக்கொருவர் இடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேசாமல் பெயிண்ட் அடித்து மூடிவிடப் பார்க்கிறான், கள்ளன், என்று வாய்விட்டே சொன்னேன். எங்கள் அதிபர் இரண்டு பேர் தள்ளி நின்றா, கேட்டிருப்பா.

அப்போதுதான் ஸ்பீக்கரில் உன் தொண்டைச் செருமல்.

"பொம்புளைகள் பக்கம் கொஞ்சம் கேளுங்க. மஞ்சக் கோட்டப் பாக்க வேணாம், வெள்ளக் கோட்டுல நில்லுங்க. மஞ்சக் கோடு அஞ்சடி. அத நாலடி எண்டு நம்பினது நான். போன பெருநாள்ல உங்கள மணல்ல நிப்பாட்டினது இந்தக் கோடுதான், நீங்க தள்ளி நிண்டதால இல்ல. அண்டைக்குக் கல்முனையில சர்பத் கிளாஸ் விழுந்ததும் இந்தக் கோட்டாலதான். ஆதிலா டீச்சர்ட கணக்குல ஒரு பிழையும் இல்ல. பிழை என்ட. மன்னிச்சிக்கங்க."

மௌலவி திரும்பிப் பார்த்தாராம். நிர்வாகத்தில் ஒருவர் மைக்கைப் பிடுங்க வந்தாராம். சீனிமுகம்மது காக்கா இன்று காலை பாணோடு சேர்த்து எல்லாக் கதையும் தந்துவிட்டார்.

எங்கள் பக்கம் எல்லாத் தலையும் என்னைத் திரும்பிப் பார்த்தது. ஒரு மாதமாக இதைத்தான் கேட்டேன், கிடைத்தவுடன் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. குனிந்து கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நல்ல நேரம், தொழுகைக்குத் தக்பீர் கட்டிவிட்டார்கள். ஸுஜூதில் நெற்றியை நிலத்தில் வைத்தபோது அழுதுவிட்டேன். உம்மாவுக்குத் தெரியாது, நீயும் சொல்லாதே.

தொழுகை முடிந்து அதிபர் வந்து கையைப் பிடித்தா. "நான் அவசரப்பட்டுட்டன் ஆதிலா, திங்கக்கிழம கதைப்பம்" என்றா. கதைக்கட்டும். நானும் கதைக்க இருக்கிறேன். இஹ்ஸான் சேரிடமிருந்து பிடுங்கித் தர வேண்டாம், இரண்டு பேருமாகச் செய்கிறோம் என்று சொல்லப் போகிறேன். ஆனால் "ரெஸ்ட்" என்ற வார்த்தையை அவ திருப்பி எடுக்க வேண்டும். விட மாட்டேன்.

உன் மேல் கோபம் முழுக்கத் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. "கொஞ்சம் கேளுங்க" என்று தொடங்கியபோது சத்தமாக இருந்தது, "ஆதிலா டீச்சர்ட கணக்கு" என்கிற இடத்தில் சத்தம் இறங்கியது. நான் கவனித்தேன்.

கியர் மாற்ற வேண்டியது நீதான், நான் இல்லை. உன் டாங்கியின் அசல் வண்டி யுத்தத்திலேயே மணிக்கு நாற்பது கிலோமீற்றருக்கு மேல் ஓடினதில்லை. பதினாறில் ஒரு பங்கு அளவில் செய்த உன்னுடையது இரண்டரை அடி ஓடினால் அதையும் தாண்டுகிறது. இரண்டடிக்கு இறக்கு. எத்தனைக்கு எத்தனை பல் வேண்டும் என்று மறுபக்கத்தில் போட்டிருக்கிறேன். சிவப்புப் பேனையால் அல்ல.

வெள்ளிக்கிழமை நப்லாவோடு சாப்பிட வா, டாங்கியையும் கொண்டு வா. விறாந்தையில் ஓட்டுவோம். சர்பத்தை நானே ஊற்றி வைக்கிறேன், விளிம்பு வரைக்கும். உன் நம்பரைத் திறந்துவிட்டேன், ஆனாலும் இதைக் கடிதமாகவே எழுத வேண்டும் போல இருந்தது.

இன்னொன்று. நேற்று வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தேன். நானும் உம்மாவும் நின்றது அதே பதின்மூன்றாவது வரிசையில்தான். இரண்டு பேரின் நெற்றியிலும் மணல் இல்லை.

உன் ராத்தா
ஆதிலா